ஒரு சிரிக்கும் முகம், 4000 பைட், தபாலில் வரும் செக்

கேள்வி இதுதான்: "அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் சாமான்களில் ஒரு ஃப்ளாப்பி கிடைத்தது. அதில் ஒரு டாஸ் கேம். படம் எதுவும் கிடையாது, எழுத்துகளுக்கு நடுவே ஒரு சிரிக்கும் முகம் ஓடுகிறது. விட்டு வெளியே வந்தால், பிடித்திருந்தால் பணம் அனுப்பச் சொல்லி ஒரு அமெரிக்க முகவரி. இதையெல்லாம் யார் எழுதினார்கள்? எப்படி எழுதினார்கள்? அந்தப் பணம் நிஜமாகவே வந்ததா?"

பணம் வந்தது. ஆனால் எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்துத்தான் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த முகம்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது ஸ்காட் மில்லர் எழுதிய க்ரோஸ் வரிசையில் ஒன்றாக இருக்கலாம், அல்லது டிம் ஸ்வீனியின் இஸட்இஸட்டி-யாக இருக்கலாம், அல்லது அந்தக் காலத்தில் வந்த நூற்றுக்கணக்கான வீட்டுத் தயாரிப்புகளில் இன்னொன்றாக இருக்கலாம். எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். நான் க்ரோஸை வைத்தே பேசுகிறேன். அதன் சோர்ஸ் கோட், அதாவது புரோகிராமர் எழுதிய மூல வரிகள், முழுவதும் வெளியாகியிருக்கிறது, உள்ளே திறந்து பார்க்கலாம் என்பது ஒரு காரணம். ஷேர்வேர், அதாவது நகல் எடுத்துப் பரப்பலாம், பிடித்தால் பணம் அனுப்பலாம் என்று விடும் கேமுக்குப் பணம் கேட்கும் முறையே அதிலிருந்துதான் மாறியது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்டில் வந்தது. அதன் எழுத்துத் திரையில் 80 பத்தி, 25 வரி, ஆக 2000 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் 256 குறிகளில் ஏதாவது ஒன்றைப் போடலாம். ஆங்கில எழுத்தும் எண்களும் போக, மிச்சமிருந்த இடங்களில் ஐபிஎம்காரர்கள் வேடிக்கையான உருவங்களை வைத்திருந்தார்கள். 1, 2 இரண்டும் சிரிக்கும் முகம். ஒன்று வெறும் கோட்டால் ஆனது, மற்றது நிரப்பியது. 3 முதல் 6 வரை சீட்டுக்கட்டின் ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட். 219 முழுக்க அடைத்த கட்டம். சுவர் கட்ட அதைவிட நல்ல செங்கல் கிடையாது. 176, 177, 178 மூன்றும் புள்ளிகளால் நிரப்பிய கட்டங்கள். காடு, தண்ணீர், உடையும் சுவர் என்று எதற்கு வேண்டுமானாலும் ஆகும். படம் வரையத் தெரியாத ஒரு புரோகிராமருக்கு ஒரு கேமுக்கான உருவங்கள் அத்தனையும் மெஷினுக்குள்ளேயே தயாராக இருந்தன.

க்ரோஸில் நீங்கள்தான் அந்த முகம். டைமன் குறி ரத்தினக்கல். தலையில் இரண்டு புள்ளி வைத்த ஏ எழுத்து மெதுவாக வரும் பூதம். ஒரு பூதம் உங்கள் மேல் மோதினால் கல் குறையும், கல் தீர்ந்தால் உயிர் போகும். கையில் சாட்டை இருக்கிறது. வீசினால் சுற்றியுள்ள எட்டுக் கட்டத்திலும் விழும். பூதங்களுக்கு மூளை எதுவும் இல்லை. நீங்கள் இருக்கும் திசையில் ஒவ்வொரு கட்டமாக வரும், சுவர் குறுக்கே வந்தால் முட்டிக்கொண்டு நிற்கும். இவ்வளவுதான் விதி. ஆனால் ஐம்பது பூதங்கள் நாலு பக்கமிருந்தும் வரும்போது, எந்தச் சுவருக்குப் பின்னால் போய் நின்றால் அவை ஒரே வரிசையாக வந்து சேரும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனைதான் கேம். இன்றைக்கு எடுத்து விளையாடினாலும் எனக்கு அந்தப் பதற்றம் அப்படியே வருகிறது.

சரி, அந்த முகம் எப்படி நகர்கிறது? இதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கலர் கார்டில் எழுத்துத் திரை என்பது மெமரியில் ஒரு துண்டு, அவ்வளவே. பி800 என்ற செக்மென்ட் முகவரியில் தொடங்கி 4000 பைட். கட்டத்துக்கு இரண்டு பைட்: முதலாவது எந்தக் குறி, இரண்டாவது என்ன நிறம். மேலிருந்து 12-வது வரி, இடமிருந்து 40-வது பத்தி என்று வைத்துக்கொள்வோம், இரண்டையும் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். 12-ஐ 80-ஆல் பெருக்கி 40 சேர்த்தால் 1000. கட்டத்துக்கு இரண்டு பைட் என்பதால் 2000. ஆக, 2000-வது பைட்டில் 2 என்று எழுதினால் திரை நடுவில் முகம் தோன்றும். 2001-ல் 14 எழுதினால் அது மஞ்சளாகும். வலது பக்கம் ஒரு அடி எடுத்து வைக்க, 2000-ல் 32 எழுதுங்கள். அது வெற்றிடத்தின் எண், முகம் அழிந்துவிடும். 2002-ல் 2, 2003-ல் 14. முகம் நகர்ந்துவிட்டது. மேலே போக 160 கழிக்க வேண்டும், கீழே போக 160 கூட்ட வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்த மெமரியில் எழுதலாம் என்பது போலவே அதிலிருந்து படிக்கவும் செய்யலாம். முகம் போக வேண்டிய கட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு பைட்டைப் படித்தால் போதும். 219 என்றால் சுவர், நகராதே. 4 என்றால் கல், எடுத்துக்கொள். அக்கால வீட்டுக் கேம்கள் பலவற்றில் திரைதான் வரைபடம், வரைபடம்தான் திரை. எங்கே எது இருக்கிறது என்று தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. க்ரோஸ் தனியாக ஒரு வரைபட அட்டவணையும் வைத்திருக்கிறது, ஏனென்றால் அதில் கண்ணுக்குத் தெரியாத சுவர் போன்ற சங்கதிகள் உண்டு.

படம் வரையும் திரை அந்தக் கார்டிலேயே இருந்ததே, அதை ஏன் விட்டார்கள் என்று கேட்கலாம். 320-க்கு 200 புள்ளி, நான்கே நிறம், அதற்கு 16,000 பைட். எழுத்துத் திரையைப் போல நான்கு மடங்கு. பிசியின் 8088 சிப் 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, வெளியிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு பைட்தான் எடுக்கும். ஐம்பது பூதங்களைப் படமாக வரைந்து அழித்து வரைந்தால் மெஷின் மூச்சு வாங்கும். எழுத்தாக இருந்தால் ஒரு பூதத்துக்கு மூன்று நான்கு பைட்டோடு வேலை முடிந்தது. அப்புறம், எழுத்துத் திரையில் 16 நிறம் கிடைக்கும், நான்கு அல்ல. அதனால் எழுத்துத் திரையைத் தேர்ந்தெடுத்ததை வெறும் இயலாமை என்று நான் சொல்ல மாட்டேன். ஆக்‌ஷன் கேம் வேண்டும், தனி ஆளாக எழுத வேண்டும் என்றால் அதுதான் சரியான முடிவு.

சத்தமும் இப்படித்தான். பிசிக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர். ஒரு நேரத்தில் ஒரே சுரம், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. மெஷினின் டைமர் விநாடிக்கு 11,93,180 முறை துடிக்கும். அதை எந்த எண்ணால் வகுக்கிறீர்களோ அதற்கேற்ற சுரம் வரும். 2712 கொடுத்தால் 440 ஹெர்ட்ஸ். கல் எடுக்கும்போது ஏறுமுகமாக நாலு சுரம், அடி வாங்கும்போது இறங்குமுகமாக நாலு சுரம் என்று அமைத்தால் விளையாடுகிறவர் திரையைப் பார்க்காமலே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வார்.

இதை எழுதப் பயன்பட்ட கருவி டர்போ பாஸ்கல். போர்லண்ட் நிறுவனம் 1983-ல் 49.95 டாலருக்கு விற்றது. அதற்கு முன் கம்பைலர், அதாவது நாம் எழுதும் வரிகளை மெஷின் மொழிக்கு மாற்றும் புரோகிராம், என்றால் பல நூறு டாலர். அலுவலகம் வாங்கும், வீட்டில் யாரும் வாங்க மாட்டார்கள். டர்போ பாஸ்கலில் எழுதும் இடமும் கம்பைலரும் ஒரே புரோகிராம். எழுதி, கீயை அழுத்தினால் சில விநாடியில் ஓடும். அதன் மூன்றாம் பதிப்பு மொத்தமும் 39,731 பைட்டுக்குள் அடங்கியது. இன்றைக்கு போனில் எடுக்கும் ஒரு போட்டோவில் பல டர்போ பாஸ்கலை அடைத்துவிடலாம். சாயங்காலம் வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் உட்கார்கிறவருக்கு இந்த வேகம் எவ்வளவு பெரிய வரம் என்று சொல்லித் தீராது. ஒரு மாற்றத்தைச் செய்து அதன் விளைவைப் பார்க்க அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றால், ஒரு கேமை விளையாட இதமாக ஆகும்வரை திருத்திக்கொண்டே இருக்க யாராலும் முடியாது.

க்ரோஸின் சோர்ஸைத் திறந்தால் ஒவ்வொரு நிலையின் வரைபடமும் கண்ணெதிரே தெரியும். எழுத்துச் சரங்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். 1 என்று இருக்கும் இடத்தில் மெதுவான பூதம், 2 நடுத்தரம், 3 வேகமானது. எக்ஸ் என்றால் உடையும் சுவர், கே சாவி, டி கதவு... ஆங்கிலத்தில் டி இரண்டு உண்டல்லவா, இது கதவுக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. மற்ற டி வேறு இடத்துக்குத் தாவும் மந்திரச் சுருள். கோலம் போடுகிறவர் புள்ளி வைப்பதுபோல அந்த மனிதர் எடிட்டரில் எழுத்து எழுத்தாக வைத்து நிலைகளைக் கட்டியிருக்கிறார். தனியாக ஒரு வரைபடக் கருவி தேவைப்படவில்லை.

இந்த வகைக் கேம்களின் பெரிய தொல்லை வேகம். பூதம் ஒரு அடி வைத்ததும் கொஞ்சம் பொறு என்று சொல்ல, சும்மா சில ஆயிரம் தடவை எண்ண வைப்பார்கள். 4.77 மெகாஹெர்ட்ஸில் அது சரியான இடைவெளி. 386 என்ற வேகமான சிப் வந்ததும் அதே எண்ணிக்கை கண்ணிமைப்பதற்குள் முடிந்து, கேம் தொடங்கிய கணமே செத்துவிடுவோம். அதற்காகத்தான் அந்தக் கால கேபினெட்டுகளில் டர்போ பட்டன் இருந்தது; அதன் உண்மையான பயன் மெஷினை மெதுவாக்குவது. க்ரோஸ் ஆரம்பத்திலேயே உங்கள் கம்ப்யூட்டர் வேகமானதா மெதுவானதா என்று கேட்டுவிடும். கொஞ்சம் விவரமானவர்கள் விநாடிக்கு 18.2 முறை துடிக்கும் டைமர் துடிப்பைப் பார்த்து நேரத்தை அளந்தார்கள், அது எந்த மெஷினிலும் மாறாது.

நான் 90-களில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டர்போ பாஸ்கல் கற்றுக்கொண்டபோது முதலில் எழுதியது இப்படி ஒரு முகம் நடக்கும் புரோகிராம்தான். அம்புக் கீயை அழுத்தினேன், முகம் நகர்ந்தது, பழைய இடத்தை அழிக்க மறந்திருந்தேன். திரை முழுக்க மஞ்சள் முகங்களின் வரிசை. அந்தத் தவறையே வைத்து, வாலை மிதிக்காமல் ஓடும் பாம்பு கேமாக மாற்றினேன். 4000 பைட்டையும் நானே ஆள்கிறேன் என்ற உணர்வு அன்று வந்தது, இன்றுவரை போகவில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன்.

ஷேர்வேர் என்ற யோசனை கேம்களிலிருந்து பிறக்கவில்லை, ஆபீஸ் புரோகிராம்களிலிருந்து பிறந்தது. 1982-ல் கலிஃபோர்னியாவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் என்ற பத்திரிகைக்காரர் பிசி-டாக் என்ற மோடம் புரோகிராமை எழுதினார். யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், பிடித்தால் 25 டாலர் அனுப்புங்கள் என்றார். அதே சமயம் வாஷிங்டன் மாநிலத்தில் ஐபிஎம்மில் வேலை பார்த்த ஜிம் நாஃப் பிசி-ஃபைல் என்ற தகவல்தளப் புரோகிராமை இதே மாதிரி பரப்பிக்கொண்டிருந்தார். ஒருவரைப் பற்றி ஒருவர் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். நாஃபுக்கு வந்த பணம் சம்பளத்தைத் தாண்டியது, 1984-ல் வேலையை விட்டுவிட்டார். மைக்ரோசாஃப்டின் ஆரம்பகால ஊழியர்களில் ஒருவரான பாப் வாலஸ் 1983-ல் பிசி-ரைட் என்ற எடிட்டரை வெளியிட்டார். ஷேர்வேர் என்ற சொல் நிலைத்தது அவரால்தான். அவர் ஒரு படி மேலே போனார். பதிவு செய்தவருக்கு ஓர் எண் கொடுத்தார். அந்த எண் உள்ள நகலை வாங்கிய இன்னொருவர் பதிவு செய்தால், முதல் ஆளுக்கு 25 டாலர் கமிஷன். நகல் எடுக்காதே என்று மிரட்டிக்கொண்டிருந்த காலத்தில், நகல் எடுப்பவருக்குக் கூலி கொடுத்த மனிதர் அவர்.

இந்த முறை எடிட்டருக்கும் தகவல்தளத்துக்கும் நன்றாக வேலை செய்தது. தினமும் அதை வைத்துத்தான் ஆபீஸ் நடக்கிறது, மனசாட்சி உறுத்தும், கையேடும் உதவியும் வேண்டும், 25 டாலர் ஒரு பெரிய தொகை இல்லை. கேமுக்கு இது எதுவும் பொருந்தாது. ஒரு வாரம் விளையாடுவோம், முடித்துவிடுவோம், ஃப்ளாப்பியை நண்பனுக்குக் கொடுப்போம். முடித்த கேமுக்குப் பணம் அனுப்ப யாருக்குக் கை வரும்? உங்கள் ஃப்ளாப்பியில் உள்ள அந்த வேண்டுகோளைப் போல எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது சொற்பம்தான்.

டெக்சஸ் மாநிலம் கார்லண்டைச் சேர்ந்த ஸ்காட் மில்லரும் முதலில் அப்படித்தான் பட்டார். 1986-ல் பியாண்ட் தி டைட்டானிக், 1987-ல் சூப்பர்நோவா என்று இரண்டு எழுத்து வழி சாகச கேம்களை முழுசாகக் கொடுத்துப் பார்த்தார். நினைத்த அளவுக்குப் பணம் வரவில்லை. 1987-ல் க்ரோஸ் எழுதியபோது வேறொன்று செய்தார். கிங்டம் ஆஃப் க்ரோஸ் என்ற பகுதியை இலவசமாக விட்டார். அதன் தொடர்ச்சியான மற்றப் பகுதிகள் வேண்டுமானால் பணம் அனுப்ப வேண்டும், தபாலில் டிஸ்க் வரும். அபோஜி என்ற பெயரில் அவர் தொடங்கிய நிறுவனத்தின் முறை என்று பிறகு எல்லோரும் சொன்னது இதைத்தான்.

பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் பணம் கேட்கும் தோரணையே தலைகீழாகிவிட்டது. பழைய முறையில், கையில் முழுசாக இருக்கும் பொருளுக்கு நன்றிக்கடனாகக் காசு கேட்டார்கள். அனுப்பினால் கிடைப்பது ஒரு மனநிறைவு. மில்லர் கேட்டது இன்னும் கையில் வராத பொருளுக்கு. முதல் பகுதியை முடித்தவருக்கு அது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று தெரியும், அடுத்தது வேண்டும் என்று ஆசை இருக்கும். யாரையும் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்கவில்லை. இலவசப் பகுதியை அரைகுறையாக வெட்டவும் இல்லை; அது தன்னளவில் முழுக் கேம், நகல் எடுத்துப் பரப்பப் பரப்ப அவருக்கு நல்லது. பரப்புகிறவரும் எழுதியவரும் ஒரே பக்கம் நிற்கிற ஏற்பாடு அது. ஷேர்வேர் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த ஒன்றைத்தான். க்ரோஸ் என்ற பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன்: அன்று புகழ்பெற்றிருந்த சோர்க் (Zork) என்ற கேமின் பெயரை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து எழுதினால் க்ரோஸ் (Kroz).

இதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. லூசியானாவில் ஷ்ரீவ்போர்ட்டில் ஃப்ளாப்பியிலேயே மாத இதழ் வெளியிட்ட நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சிலரை மில்லர் தேடிப் பிடித்தார். அவர்களில் ஜான் ரொமேரோவுக்கு, ரசிகர் கடிதம் போல வெவ்வேறு பெயரில் கடிதம் எழுதித்தான் தொடர்புகொண்டார். அவர்கள் எழுதிய கமாண்டர் கீன் 1990 டிசம்பரில் வந்தது. முதல் பகுதி இலவசம், மற்ற இரண்டுக்கும் பணம். அவர்களுக்குக் கிடைத்த முதல் செக் 10,500 டாலர். அவர்கள்தான் ஐடி சாஃப்ட்வேர். 1992 மே மாதம் வந்த வுல்ஃபன்ஸ்டைன் 3டி-யும் இதே முறையில், மில்லரின் அபோஜி வழியாகத்தான் வெளியானது.

இஸட்இஸட்டி-யின் கதையும் இதற்குப் பக்கத்து வீடு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த டிம் ஸ்வீனி, டர்போ பாஸ்கலில் ஒரு எடிட்டர் எழுத ஆரம்பித்து, அதில் கர்சருக்குப் பதிலாக முகத்தை வைத்து, சுவரைப் போட்டு, கடைசியில் கேமாக்கிவிட்டார். 1991-ல் பெற்றோர் வீட்டு முகவரியிலிருந்து விற்றார். கேமோடு அந்த எடிட்டரும் வரும், நாமே உலகங்களைக் கட்டலாம். தினமும் சில ஆர்டர் தபாலில் வந்துகொண்டிருந்தது. 2009-லும் அந்த வீட்டில் இருந்த அவர் அப்பாவுக்குச் சில வாரத்துக்கு ஒருமுறை ஒரு ஆர்டர் வந்ததாக ஸ்வீனி சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுத் தொழில்தான் பிறகு எபிக் கேம்ஸ் ஆனது.

நம் ஊருக்கு இந்த ஃப்ளாப்பிகள் வந்தன, திரும்ப ஒரு டாலர் போகவில்லை. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் ஒரு சாதாரண ஆள் அமெரிக்காவுக்குப் பத்து டாலர் செக் அனுப்புவது எளிதான காரியமா? ஆர்டர் ஃபாரத்தைப் பிரிண்ட் எடுத்து, பேனாவால் நிரப்பி, அப்படியே நோட்டுக்குள் வைத்திருந்த நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. அதனால் உங்கள் அப்பா பணம் அனுப்பவில்லையே என்று நினைத்து வருந்த வேண்டாம்.

இன்றைக்கு அந்தப் பாக்கியும் இல்லை. 2009-ல் க்ரோஸ் வரிசையை இலவசமாக்கி, சோர்ஸையும் திறந்துவிட்டார்கள். ஃப்ளாப்பி மூன்றரை இஞ்ச் என்றால் யூஎஸ்பியில் செருகும் ஃப்ளாப்பி டிரைவ் வாங்கி முதலில் ஒரு நகல் எடுத்துவையுங்கள். காந்தப் பூச்சு வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டே போகும். பழைய டாஸ் புரோகிராம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் ஓட்டுங்கள். வேகம் கண்டபடி இருந்தால் கண்ட்ரோலோடு எஃப்11-ஐ அழுத்தி அழுத்திக் குறையுங்கள். 300 சைக்கிள் பக்கம் வந்தால் ஏறத்தாழ 1981-ன் பிசி. அப்புறம் க்ரோஸின் சோர்ஸில் ஏதாவது ஒரு வரைபடத்தைத் திறந்து, ஒரே ஒரு 1-ஐ 3 ஆக்கி, கம்பைல் செய்து விளையாடிப் பாருங்கள். எந்தப் பூதத்தை மாற்றினீர்கள் என்று தேட வேண்டியிருக்காது, அதுவே உங்களைத் தேடி முதலில் வந்துவிடும்.